ஈறு வழியே இதயத்துக்கு

கொய்யாப் பழத்தைக் கடித்துவிட்டுப் பார்த்தால் வெள்ளைச் சதையில் சிவப்பாக ஒரு கோடு. சிவப்புக் கொய்யாவோ என்று நினைத்தார் அவர். இன்னொரு கடி கடித்த பிறகுதான் அது பழத்தின் நிறமல்ல, தன் ஈறிலிருந்து வந்த ரத்தம் என்று புரிந்தது. இது நடந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது அவர் மும்பை 'பெஸ்ட்' பஸ்ஸில் கண்டக்டர். மீதிப் பழத்தை எறிந்துவிட்டு, தகர டிக்கெட் பெட்டியை இடுக்கிக்கொண்டு, டிக்கெட்டில் துளைபோடும் கருவியை டிக் டிக் என்று தட்டியபடி கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். ஈறில் ரத்தம் வருகிறது என்று எந்த டெப்போவில் லீவு கேட்க முடியும்?

அந்தச் சிவப்புக் கோடு மறுபடி நினைவுக்கு வந்தது 63-வது வயதில், டோம்பிவிலியில் உள்ள தன் ஒற்றைப் படுக்கையறை வீட்டில், தூக்கம் வராத ஓர் இரவில். அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான் பால் வாங்கப் போன இடத்தில் அவருக்கு நெஞ்சை அடைத்தது. பரேலில் உள்ள மாநகராட்சி மருத்துவமனையில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார்கள். இதயத்தின் முன்பக்க ரத்தக் குழாயில் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் என்ற இரண்டு மாத்திரைகளின் பெயரைச் சுற்றி டாக்டர் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். "சாப்பாட்டை மறந்தாலும் இதை மறக்காதீர்கள், காகா. ஒரு வருஷத்துக்கு ஒரு நாள்கூடத் தவறக் கூடாது" என்று வாயாலும் சொல்லி அனுப்பினார்.

மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. காரணம் தேடுவது. அவர் குடிப்பதில்லை. பீடியை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. அப்பா எண்பது வயதுவரை வயலில் நடந்தவர். பத்து வருடமாக இவருக்குச் சர்க்கரை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கட்டடத்தில் யாருக்குத்தான் சர்க்கரை இல்லை? எனக்கு ஏன் வந்தது என்ற கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பினான். ஈறில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போய் மாரடைப்பை உண்டாக்குகிறது என்றது அது. கீழே, தாணே பக்கத்தில் உள்ள ஒரு பல் கிளினிக்கின் விளம்பரம்.

குளிர்சாதன அறை. சுவரில் பெரிய படம்: ஒரு பக்கம் பல், மறுபக்கம் இதயம், நடுவே சிவப்பில் ஒரு பாதை, ரயில்வே மேப் போல. இளம் டாக்டர் மரியாதையாகப் பேசினார். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு மூன்று விஷயங்களைச் சொன்னார். ஈறு நோய் முற்றியிருக்கிறது, கீழ் முன்பற்கள் ஆடுகின்றன. இந்த நோய்க்கும் மாரடைப்புக்கும் சம்பந்தம் உண்டு. ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் கரைந்துபோன எலும்பும் ஈறும் மறுபடி வளரும், இதயத்துக்கும் பாதுகாப்பு. செலவு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். மூன்று தவணைகளில் கட்டலாம்.

அவர் கண்டக்டராக இருந்த காலத்தில், கிழிந்த நோட்டை இரண்டு நல்ல நோட்டுகளுக்கு நடுவில் மடித்துக் கொடுக்கும் பயணிகளை ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். அன்று பிடிக்க முடியவில்லை. பயந்தவனுக்குக் கணக்கு வராது. வீட்டுக் கூரையின் மழை ஒழுகலைச் சரிசெய்ய வைத்திருந்த பணத்திலிருந்து 20,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினார். ரசீதோடு ஒரு சீட்டும் கிடைத்தது: சிகிச்சைக்கு ஏழு நாட்களுக்கு முன்பே ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டும்.

டாக்டர் சொன்ன மூன்றில் முதலாவது முழு உண்மை. பல்லின் அடியில் படியும் பிசுக்கைத் தினமும் எடுக்காவிட்டால் அது கல்லாக இறுகிக் காரையாகிறது. அதன் மேல் கிருமிகள் குடியேறுகின்றன. முதலில் ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும். அந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து நடுவே ஒரு பை உண்டாகிறது. கிருமியை விரட்டக் கிளம்பும் உடலின் சொந்தப் படையே அங்கே நின்று பல்லைத் தாங்கும் எலும்பையும் கரைக்கிறது. பெரும்பாலும் வலிக்காது. அதுதான் இந்த நோயின் சூழ்ச்சி. பல் ஆடும்போதுதான் ஆசாமிக்குத் தெரியும். இப்படிப் பிரிந்து புண்ணான பரப்பை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்பது ஒரு கணக்கு. ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் மேல்பரப்பு. முழங்காலில் அந்த அளவுக்குச் சீழ்ப்புண் இருந்தால் எவரும் ஒரு வாரம்கூடச் சும்மா இருக்க மாட்டார்கள். வாய்க்குள் இருப்பதால் இருபது வருடம் இருக்கிறது.

இரண்டாவது விஷயமும் பொய்யல்ல. ஆனால் அது எவ்வளவு தூரம் உண்மை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 1989-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் கிம்மோ மத்திலாவும் அவருடைய சகாக்களும் மாரடைப்பு வந்த 100 பேரின் வாயையும், வராத 102 பேரின் வாயையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு வந்தவர்களின் பற்கள் மோசமாக இருந்தன. 1993-ல் அமெரிக்காவில் 9,760 பேரின் உடல்நலப் பதிவுகளை ஆராய்ந்ததில், ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. 2016-ல் ஸ்வீடனில் முதல் மாரடைப்பு வந்த 805 பேரையும் வராத 805 பேரையும் பார்த்தபோது, ஈறு நோய் முதல் கூட்டத்தில் 43 சதவீதம், இரண்டாவதில் 33 சதவீதம். ரத்தக் குழாயில் படியும் கொழுப்புத் திட்டுகளிலேயே ஈறுக் கிருமிகளின் மரபணுத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

சரி, சம்பந்தம் இருக்கிறது. ஆனால் சம்பந்தம் என்பது வேறு, காரணம் என்பது வேறு. பீடி ஈறையும் கெடுக்கிறது, இதயத்தையும் கெடுக்கிறது. சர்க்கரையும் அப்படியே. ஒரே திருடன் இரண்டு வீட்டில் புகுந்ததைப் பார்த்துவிட்டு, முதல் வீட்டுக்காரர்தான் இரண்டாவது வீட்டில் திருடினார் என்று சொல்ல முடியுமா? ஆய்வாளர்கள் இந்த வேறு காரணங்களைக் கணக்கிலிருந்து கழித்துப் பார்த்தும் கொஞ்சம் சம்பந்தம் மிஞ்சுகிறது என்பது உண்மை. அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் இதையெல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாக ஒரு தீர்ப்பு சொன்னது: தொடர்பு உண்டு, ஆனால் ஈறு நோய்தான் இதய நோயை உண்டாக்குகிறது என்பதற்கோ, ஈறைக் குணப்படுத்தினால் மாரடைப்பு தடுக்கப்படும் என்பதற்கோ ஆதாரம் இல்லை.

நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2007-ல் வந்த ஓர் ஆய்வு இந்த விவகாரத்தின் இரு முகங்களையும் ஒரே நேரத்தில் காட்டியது. ஈறு நோய் முற்றிய 120 பேர். ஒரு பாதிக்குத் தீவிரமான சுத்தம், மறு பாதிக்குச் சாதாரணச் சுத்தம். தீவிரச் சிகிச்சை பெற்றவர்களின் ரத்தக் குழாய்கள் ஆறு மாதம் கழித்து மற்றவர்களுடையதைவிட நன்றாக விரிந்தன. ஆனால் சிகிச்சைக்கு மறுநாள் அவை மோசமாகத்தான் இருந்தன. வாயைக் கிளறியதில் உடல் முழுவதும் அழற்சி கிளம்பியிருந்தது. ரத்தக் குழாய் நன்றாக விரிவது நல்ல செய்தி. மாரடைப்பு வராது என்ற செய்தி அது அல்ல.

பல்லின் மேல் பழி போட்டு மருத்துவம் ஏற்கெனவே ஒரு முறை சூடு பட்டிருக்கிறது. 1910-ல் லண்டன் டாக்டர் வில்லியம் ஹன்டர் கனடாவின் மான்ட்ரியல் நகரில், வாயில் உள்ள சீழ்தான் உடலின் பல நோய்களுக்கு மூலம் என்று பேசினார். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மூட்டு வலிக்கும், வயிற்று வலிக்கும், மனநோய்க்கும்கூட நல்ல பற்களையெல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். மூட்டு வலி அப்படியே இருந்தது. பல் மட்டும் போனது. அன்று பிடுங்கினார்கள், இன்று வளர்க்கிறேன் என்கிறார்கள். இதயத்தைக் காட்டிப் பல்லில் கைவைப்பது மட்டும் மாறவில்லை.

மூன்றாவது விஷயம்தான் கிழிந்த நோட்டு.

பல் என்பது சுவரில் அடித்த ஆணி அல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் தடிமனில் நார்களால் ஆன ஒரு தொட்டில் இருக்கிறது. பல் அதில்தான் தொங்குகிறது. ஈறு நோயில் எலும்பு, வேரின் மேற்பூச்சு, இந்த நார் மூன்றும் அழிகின்றன. மூன்றும் அதனதன் இடத்தில், அதனதன் முறையில் திரும்ப வளர வேண்டும். இந்த நாரிலேயே ஸ்டெம் செல்கள், அதாவது வேறு செல்களாக மாறி வளரக்கூடிய மூல செல்கள், இருக்கின்றன என்று 2004-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் விஞ்ஞானிகள் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2000-ல் பல்லின் உள்சதையிலும், 2003-ல் குழந்தைகளின் விழுந்த பால் பற்களிலும் அவற்றைக் கண்டிருந்தார்கள். பால் பல் ஆராய்ச்சிக்குத் தூண்டுதலாக இருந்தது விஞ்ஞானி சோங்டாவ் ஷியின் ஆறு வயது மகளின் ஆடிய பல். நல்ல கதை. நல்ல விஞ்ஞானமும்கூட.

ஆனால் மனிதர்களிடம் சோதித்தபோது? சீனாவின் சியான் நகரில் 30 நோயாளிகளிடம் அவரவர் பல்லின் நாரிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை எலும்புத் தூளோடு சேர்த்து வைத்தார்கள். ஒப்பிடுவதற்காக ஒரு பகுதியினருக்குச் செல் இல்லாமல் எலும்புத் தூள் மட்டும். 2016-ல் முடிவு வெளியானது. இரு தரப்பிலும் எலும்பு வளர்ந்தது. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆபத்தும் இல்லை என்பதுதான் ஆறுதல். டோக்கியோவில் 10 பேருக்கு செல்களைத் தாள் போல வளர்த்து வேரின் மேல் போர்த்தியதில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. மறுபடியும் சீனாவில், 132 நோயாளிகளிடம் பல்லின் உள்சதை செல்களை ஊசியாகப் போட்டுப் பார்த்து 2025-ல் வெளியிட்ட முடிவு கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. நோய் முற்றியவர்களிடம் பற்பிடிப்பு கூடியது. வெறும் உப்பு நீர் ஊசி போட்டவர்களைவிடக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விஞ்ஞானம் இப்படித்தான் நகரும், கால் கால் மில்லிமீட்டராக. இந்த ஆய்வுகளில் அளந்தது பையின் ஆழத்தையும் எலும்பின் உயரத்தையும்தான். இதயத்தை அல்ல. மாரடைப்பு குறைகிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். பத்துப் பேரையும் முப்பது பேரையும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

இதயத்திலேயே ஸ்டெம் செல்லைச் செலுத்தும் கதை என்ன ஆயிற்று என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். எலும்பு மஜ்ஜையின் செல்கள் இதயத் தசையைப் புதுப்பிக்கும் என்று 2001-ல் உலகத்தை அசத்தியவர் பியரோ அன்வர்சா. 2018-ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியே அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று பத்திரிகைகளுக்கு எழுதியது. நேராக இதயத்தில் செலுத்தியதன் கதையே இது. ஈறில் வைத்தால் இதயம் காப்பாற்றப்படும் என்று எந்தத் துணிச்சலில் சுவரில் படம் போடுகிறார்கள்?

இந்தியாவில் விதி தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் உயிரி தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற சிகிச்சைகளைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். பல்லின் செல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வங்கியில் சேமித்து வைப்பதற்கும் அவை இடம் தரவில்லை. விதி டெல்லியில் இருக்கிறது. தவணை அட்டை தாணேயில் இருக்கிறது.

டோம்பிவிலியில் இந்த ஆராய்ச்சிகளில் எதுவும் தெரியாத ஒருவர்தான் விஷயத்தைப் பிடித்தார். அவருடைய மனைவி. அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. மாத்திரைகளைப் பெயரால் அல்ல, எண்ணிக்கையால் அறிந்தவர். ஞாயிற்றுக்கிழமை புது அட்டை பிரித்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை ஐந்து குமிழ்கள் உடைந்திருக்க வேண்டும். மூன்றுதான் உடைந்திருந்தன.

"அஹோ, ரெண்டு நாளா மாத்திரை போடலையா?"

"டாக்டர் நிறுத்தச் சொன்னார்."

"எந்த டாக்டர்? பல் டாக்டரா, நெஞ்சு டாக்டரா?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. புதிதாக வைத்த ஸ்டென்ட்டின் உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் காப்பவை அந்த இரண்டு மாத்திரைகள்தான். பாதியில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பல் சிகிச்சைக்காக அவசரப்பட்டு இவற்றை நிறுத்தாதீர்கள் என்று அமெரிக்க இதயச் சங்கமும் அங்குள்ள பல் மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2007-லேயே எச்சரித்திருக்கின்றன. வாயில் கசியும் ரத்தத்தைப் பஞ்சை வைத்து அழுத்தலாம், தையல் போடலாம். ஸ்டென்ட்டில் உறைந்த ரத்தத்தை அப்படி ஒன்றும் செய்ய முடியாது. ரத்தப்போக்கு அதிகமாகக்கூடிய ஆபரேஷன் என்றால் தள்ளிப்போட வேண்டும். இதயத்தைக் காப்பாற்றுகிறேன் என்று விற்ற ஒரு சிகிச்சை, இதயத்தைக் காத்துக்கொண்டிருந்த ஒரே பொருளை நிறுத்தச் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டு நாட்களில் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அது இன்னொரு மாரடைப்பு என்றுதான் எழுதப்பட்டிருக்கும்.

மனைவி தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்றார். மறுநாள் காலை ஸ்லோ லோக்கலில் இருவரும் பரேலுக்குப் போனார்கள். இதய டாக்டர் கிளினிக்கின் சீட்டைப் படித்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு, அதன் பின்புறத்திலேயே "எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஈறுக்குக் கட்டாயம் வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார். "ஆனால் அது பல்லுக்காக. இதயத்துக்கு நான் கொடுத்ததைச் சாப்பிடுங்கள்."

மும்பை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் உள்ள மாநகராட்சிப் பல் மருத்துவக் கல்லூரியில் கேஸ் பேப்பர் எடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு மாணவி மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் குத்தி அளந்து எண்களைச் சொல்ல, இன்னொரு மாணவி எழுதினாள். மூன்றுவரை நல்லது. நான்குக்கு மேல் கெட்டது. "ஐந்து, ஆறு, ஏழு... ஏழு, ஆறு..." அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வலது மேல் கடைவாயில் எட்டு.

பேராசிரியை கிளினிக்கின் விளம்பரத் தாளை வாங்கிப் படித்தார். கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, அதில் கிடைப்பதை ஈறின் கீழே வைப்பதாக அதில் போட்டிருந்தது. "இது ஸ்டெம் செல் சிகிச்சை அல்ல. உங்கள் ரத்தம் உறைந்த கட்டி. பி.ஆர்.எஃப். என்போம்" என்றார் அவர். அதில் மோசடி ஒன்றும் இல்லை. பெயரிலும் விலையிலும்தான் இருக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் நிறைந்த அந்தக் கட்டியை எலும்பின் குழியில் வைத்தால் வெறும் ஆபரேஷனைவிட நன்றாக நிரம்புகிறது என்று பெங்களூர் அரசு பல் மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2011-லேயே காட்டியிருக்கிறார்கள். "இங்கேயும் செய்கிறோம். ஆனால் முதலில் காரையை எடுக்க வேண்டும். பெருக்காத தரையில் ரங்கோலி போடலாமா?"

நான்கு முறை வரச் சொன்னார்கள், வாயின் ஒவ்வொரு கால் பகுதிக்கும் ஒரு முறை. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரைச் சுரண்டினார்கள். மாத்திரை ஓடிக்கொண்டிருந்ததால் ரத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. பஞ்சை அழுத்திப் பத்து நிமிடம் உட்கார வைத்தார்கள், நின்றுவிட்டது. தட்டில் விழுந்த கறுப்புத் துணுக்குகளை அவர் எட்டிப் பார்த்தார். தண்டவாளத்தின் பக்கத்தில் கிடக்கும் ஜல்லிபோல இருந்தன. பல் இடுக்கில் விடும் சின்ன பிரஷ்ஷைப் பிடிக்கும் விதத்தைக் காட்ட அந்த மாணவி எடுத்துக்கொண்ட நேரம், கிளினிக்கில் மொத்தச் சிகிச்சையையும் விளக்க எடுத்துக்கொண்டதைவிட அதிகம்.

கிளினிக் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. மூன்று முறை போய் வந்த பிறகு, பற்களை வெண்மையாக்கிக்கொள்ள ஒரு கூப்பன் தந்தார்கள். அது இன்னும் டி.வி. பெட்டிக்கு மேல் இருக்கிறது. அந்த மழைக்கும் கூரை ஒழுகியது.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். ஏழு இருந்த இடங்களில் நான்கு. ஆறு பல இடங்களில் மூன்றாகியிருந்தது. கடைவாயில் எட்டு, ஏழுக்கு மேல் இறங்க மறுத்தது. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் முடிந்து, இதய டாக்டர் சம்மதித்தால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம், இல்லையென்றால் அந்தப் பல்லை விட்டுவிடலாம் என்றார்கள். ஆடிய கீழ்ப்பற்களை மெல்லிய கம்பியால் ஒன்றோடொன்று கட்டியிருந்தார்கள். வீக்கம் வடிந்து ஈறு கீழே இறங்கியதால் பற்கள் நீண்டு தெரிந்தன; கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. கரைந்த எலும்பு கரைந்ததுதான்.

சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஈறுக்கு வைத்தியம் செய்தால் சர்க்கரை குறைகிறது என்பதற்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2022-ல் காக்ரேன் வெளியிட்ட அறிக்கையில், மூன்று, நான்கு மாதங்களில் மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவு 0.43 புள்ளி குறைந்ததாக இருக்கிறது. இவர் விஷயத்தில் அது ஈறால் குறைந்ததா, அவர் நான்கு டீயை இரண்டாக்கியதால் குறைந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"என் இதயம்?" என்று அவர் பேராசிரியையிடம் கேட்டார்.

"வாயில் கிருமியும் அழற்சியும் குறைந்திருக்கிறது. அது உடம்புக்கு நல்லது. அடுத்த மாரடைப்பு வராது என்று நான் சொல்ல முடியாது, காகா. யாராவது சொன்னால் நம்பாதீர்கள்."

அந்தப் பதிலும் அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் வெகுநேரம் பேசாமல் வந்தார். பிறகு மனைவியிடம், "நீ என்றைக்காவது பல்லைக் காட்டியிருக்கிறாயா?" என்று கேட்டார். அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அடுத்த முறை இரண்டு கேஸ் பேப்பர்கள் எடுத்தார்கள். அதே மாணவிதான் எழுதினாள். சர்க்கரை? இல்லை. பிரஷர்? தெரியாது. புகையிலை?

"சீச்சீ, இல்லை."

"மிஷ்ரி, ஆஜி?"

புகையிலையைத் தோசைக்கல் போன்ற தவாவில் கறுக்க வறுத்து, பொடித்து, விரலால் பல்லிலும் ஈறிலும் தேய்க்கும் பொடி மிஷ்ரி. மகாராஷ்டிர கிராமங்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தேய்ப்பது. சத்தாரா பக்கம் இருந்த மாமியார் வீட்டில், கல்யாணமான முதல் வருடத்தில் பழகியது.

"அது பல் தேய்க்க. காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம். அது புகையிலை ஆகுமா?"

மாணவி ஒன்றும் சொல்லாமல் அந்தக் கட்டத்தில் எழுதினாள். பிறகு விளக்கைத் திருப்பி, கம்பியை எடுத்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மாணவி எண்களைச் சொல்ல ஆரம்பித்தாள். நான்கு. ஐந்து. ஐந்து.